மேற்குச் சுவர்

கொழும்பு அனுப்பிய மாதிரிப் படத்தில்
வாசிகசாலையின் மேற்குச் சுவர்
முழுக்கக் கண்ணாடி.
ஏசி பூட்டலாம் என்று ஓரத்தில் குறிப்பு.
கறண்டே நினைத்தால்தான் வரும்
ஒட்டுசுட்டானுக்கு.

நெடுங்கேணி றோட்டில் சில்லுக்குக் காற்றுப் போனது.
டிலக்சன் ரியூப்பைத் தண்ணிச் சட்டியில் அமுக்கிக்
குமிழி தேடிக்கொண்டிருந்தான்.
நான் படச்சுருளோடு
எதிர்வளவு மட்டைவேலிக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

வெளியே கிறவல் கொதித்தது.
இங்கே
ஒரு மட்டையின் அடி மேலே, அடுத்ததன் அடி கீழே,
கருக்கோடு தலைமாறி நிற்கும் பனைமட்டைகள்.
இடையில் சரிவாய் விரலகலச் சந்துகள்.
நுழையும்போதே
பாதியாய் இளைத்திருந்தது வெயில்.
காற்று இளைக்கவில்லை.

சுருளை நிலத்தில் விரித்தேன்.
கண்ணாடிச் சுவரின்மேல் வந்து விழுந்தன
நிழற்கோடுகள், ஒன்றுபோல் ஒன்றில்லாமல்.
பென்சிலால் அவற்றின்மேலேயே போனேன்.
கையைவிட வேகமாய் நகர்ந்தது நிழல்;
ஏழாவது கோடு என்னைக் கேளாமல் சரிந்தது.

"மாடு பூராமல் கட்டினது.
அதையேன் மிஸ் கீறுறீங்கள்?"
வாளியோடு நின்றாள் வளவுக்காரி யோகமலர்.
"புத்தகம் வேகாமல் இருக்க" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
இன்னொரு மட்டை ஆடுகிறதென்று
அதை இறுக்கிக் கட்டப் போய்விட்டாள்.

மதிப்பீட்டில் கண்ணாடியை வெட்டிச்
செங்கல் என்று எழுதினேன்:
ஒரு தூண் அடியகலம், ஒரு தூண் நுனியகலம்.
ஏழு லட்சம் மிச்சம். அதைத்தான் முதலில் பார்த்தார்
எஞ்சினியர்.
பிறகு விரலைக் கோட்டில் வைத்தார்.

"இதேன் சரிஞ்சிருக்கு? என்ன அளவு இது?"

"பின்னேரம் மூண்டேகால், சேர்."