இல்லாத சத்தம்

ராத்திரி முழுக்க பேட்டரி என் அடுப்போரம் தூங்கியது.
நாரினில் ஜனவரி என்றால் அப்படித்தான்,
வண்டியிலேயே விட்டால் விடியும்போது அது வெறும் கல்.
தூக்கி வந்து மாட்டி, முனைகளை முறுக்கி
சாவியைத் திருப்பினேன்.

கிர்ர் கிர்ர் கிர்ர்
சுற்றுகிறது. நன்றாகவே சுற்றுகிறது.
பிடிக்கவில்லை.

வாங்க வந்த மேதெர்பெக்
தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினான்.
"முப்பத்தைந்து வயசு ஆடி, புருல்சா.
டைமிங் பெல்ட் போயிருக்கும், வால்வு வளைந்திருக்கும்.
ஒரு லட்சத்து எண்பதாயிரம் சோம் என்று பேசினோம், சரி.
ஒன்று இருபது தருகிறேன்.
இழுத்துப் போகிற செலவும் என்னுடையது."

எவ்வளவு இரக்கம்!

நான் கால்நடை மருத்துவர்.
படுத்த பசுவை எட்ட நின்று பார்த்தே
"இது தேறாது" என்கிறவனை எனக்குத் தெரியும்.
பெரும்பாலும் கறி வியாபாரி.

பெல்ட் அறுந்த எஞ்சின்
தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றும்.
இதில் மூச்சு முட்டி முட்டி ஒரு தாளம் இருக்கிறது.
பெல்ட்டை ஒதுக்கினேன்.
ஒரு பிளக்கைக் கழற்றினேன். காய்ந்திருந்தது.
முகர்ந்தேன், வாடையே இல்லை.
வயரில் செருகி எஞ்சின்மேல் சாய்த்து
"திருப்பு" என்றேன்.
நீலமாய் ஒரு சொடுக்கு. இன்னொன்று.

நெருப்பு இருக்கிறது,
அப்படியானால் இது பசி.
நேற்று ஊற்றிய இருபது லிட்டர்
டேங்கில் தளும்பிக்கொண்டிருக்க, பசி.

"பாதி மட்டும் திருப்பு. அங்கேயே நிறுத்து."

பின்சீட்டுக்குக் கீழே இரண்டு நொடி முனகும் இந்த வண்டி.
பம்ப் கண்விழிக்கிற முனகல்.
அது அடங்கிய பிறகுதான் மீதியைத் திருப்புவேன்,
பத்தொன்பது வருஷம்,
காத்திருக்கிறேன் என்பதே தெரியாமல்.
இன்றைக்கு எதுவும் இல்லை.
ஆற்றுப் பனி எங்கோ வெடித்தது, அவ்வளவுதான்.

அப்போதுதான் அவன் கண்ணைக் கவனித்தேன்.
டயருக்குப் போனது, கதவுத் துருவுக்குப் போனது,
புகைக்குழாய்க்குக் குனிந்தே போனது.
கண்ணாடிக்கடியில், மூலையில், ரிலே பெட்டி.
அந்தப் பக்கம் மட்டும் போகவே இல்லை.

தீப்பெட்டியை விடச் சின்னது.
ஊசி போடுகிற கை, நடுங்காது;
கத்தியால் மூடியை நெம்பினேன்.
ஈயப் பொட்டு ஒன்றைச் சுற்றி
மயிரிழையாய் ஒரு வளையம்,
குளிரில் வாய் பிளந்த விரிசல்.

ஆணியை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி
குறட்டில் பிடித்து
தொட்டேன். உருகி, மினுங்கி,
மூடிக்கொண்டது.

ம்ம்ம்.
பிறகு கிர்ர், ஒரு தும்மல்,
பிடித்துக்கொண்டது!
வெள்ளைப் புகையில் பக்கத்து வீட்டு நாய் காணாமல் போனது.

பணத்தை எண்ணினான். ஒன்று எண்பது.
"உனக்கு முதலிலேயே தெரியும்" என்றேன்.
"எப்படிச் சொல்கிறாய்?"
"பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்காமலிருக்க
ரொம்பப் பாடுபட்டாய்."
சிரித்தான். மறுக்கவில்லை.

"இந்த ஒட்டு ஏப்ரல் தாண்டாது.
புது ரிலே முந்நூறு சோம், சந்தையில் இருக்கும்"
என்று முந்நூறைத் திருப்பிக் கொடுத்தேன்.
அப்போதுதான் அவன் முகம் கொஞ்சம் சுண்டியது.

திங்கட்கிழமையிலிருந்து எனக்கு ஆஸ்பத்திரி ஜீப்.
அதற்கென்று கராஜ் உண்டு, வெந்நீர்க் குழாய் ஓடுகிற கராஜ்.
ராத்திரி அடுப்போரம்
சதுரமாய் ஓர் இடம் காலியாகக் கிடந்தது.
கொஞ்ச நேரம் மோந்து பார்த்துவிட்டு
பூனை அதில் படுத்துக்கொண்டது.