வெந்நீர்க் கணக்கு

இரண்டு லிட்டர் வெந்நீர் எவ்வளவு என்று
எழுதி ஒட்டச் சொன்னார் கலீல் பாய்.
ரூம் பாய் ஆளுக்கொரு விலை சொல்கிறானாம்.
"நீதான் பிசிக்ஸ் படிச்சவனாச்சே, முனிரத்தினம்."

படித்தேன்தான்.
வெப்பவியல் தாளை மூன்று தடவை எழுதி
மூன்று தடவையும் கோட்டை விட்டேன்.

மே மாதம், பகல் இரண்டு மணி.
தோட்டப்பாளையம் லாட்ஜின் மொட்டைமாடி.
கறுப்புத் தொட்டிக்குள் தர்மாமீட்டரை இறக்கினால்
நாற்பத்தொன்று.
வேலூர் வெயில் தன் பங்கு வேலையை
பில் போடாமல் முடித்து வைத்திருந்தது.

கடலுக்கு எழுநூறு அடி மேலே இருக்கிறோம்,
நூறு என்பது இங்கே தொண்ணூற்றொன்பதுதான்.
கழித்தால் ஐம்பத்தெட்டு.
ஒரு கிலோ ஒரு டிகிரி ஏற நாலு புள்ளி இரண்டு.
லெட்ஜரின் பின்னட்டையில் பெருக்கினேன்:
நானூற்று எண்பத்தேழு கிலோஜூல்.
மூவாயிரத்து அறுநூறு சேர்ந்தால் ஒரு யூனிட்,
யூனிட் எட்டு ரூபாய்,
ஆக ஒரு ரூபாய் எட்டுப் பைசா.

பாத்திரம் குடிக்கிற சூடு, மூடியில்லாத வாய்,
போர் தண்ணீர் ஹீட்டர் கம்பியில் கட்டியிருக்கும்
வெள்ளை உப்புப் பொருக்கு,
இதற்கெல்லாம் எண் தெரியாமல்
நாற்பத்திரண்டு பைசா சேர்த்து
ஒன்றரை என்று கொண்டுபோய்க் காட்டினேன்.
ஒரு பூஜ்யம் போட்டால் என்ன என்றார் பாய்.
ஐந்தில் வந்து நின்றது.

இருநூற்றேழில் நிமாய் மஹாதோ,
புருலியாக்காரர்.
மகளுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றியிருந்தார்கள்.
ஒரு சீட்டை நீட்டினார்:
கொதி வந்த பிறகு பத்து நிமிடம்.
நர்ஸின் கையெழுத்து. பத்துக்குக் கீழே இரண்டு கோடு.

கொதி வர ஐந்தரை நிமிடம் ஆனது.
அதுவரைக்கும்தான் என் கணக்கு.
பிறகு பாத்திரம் கத்தித் தீர்த்தது,
தர்மாமீட்டர் நின்ற இடத்திலேயே நின்றது.
மீட்டர் பெட்டியில் சிவப்பு விளக்கு மட்டும்
சிமிட்டிக்கொண்டே இருந்தது.
ஆயிரத்தைந்நூறு வாட், பத்து நிமிடம்:
தொள்ளாயிரம் கிலோஜூல்.
ஏறியதற்குப் பிடித்ததைப் போல
கிட்டத்தட்ட இரண்டு மடங்கு,
ஏறாமல் கொதித்துக்கொண்டிருக்க.

உள்ளுறை வெப்பம்.
தமிழ்த் தாளில் உள்ளுறைக்கு
முழு மதிப்பெண் வாங்கியவன் நான்.
நாரை என்று எழுதியிருந்தால்
அது நாரை மட்டும் இல்லை என்று தெரியும்.
பிசிக்ஸ் தாளில் அதே சொல்லிடம் தோற்றேன்.

ஃபிளாஸ்கில் ஊற்றியதும்
நிமாய் முகம் சுருங்கியது.
நானூறு மில்லி குறைகிறது.
எனக்குப் பாதி இந்தி, அவருக்குப் பாதி இந்தி,
இரண்டையும் கூட்டினாலும் ஒன்று ஆகவில்லை.
மறுநாள் எவர்சில்வர் தட்டை
ஆவிக்கு மேலே கவிழ்த்துப் பிடித்தேன்.
சொட்டுச் சொட்டாய்த் திரும்பி வந்தது.
தொட்டுப் பார்த்தார்,
சுட்டதும் சிரித்துவிட்டார்.

மார்கழியில் தொட்டித் தண்ணீர் இருபத்துமூன்று.
ஏற வேண்டியது எழுபத்தாறு,
முப்பத்துநாலு பைசா கூடுதல்.
விலைச் சீட்டை மாற்றவில்லை.
பாய் கேட்டால் சொல்லலாம் என்றிருந்தேன்,
அவர் கேட்கவில்லை.
இருநூற்றேழு இன்னும் காலியாகவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு ராத்திரி
நிமாய் வேறு சீட்டோடு வந்தார்.
பத்தை அடித்து ஐந்து என்று போட்டிருந்தது.
கோடு எதுவும் இல்லை.
"அஞ்சு நிமிசம்," என்றார் தமிழில்,
எங்கே கற்றாரோ.

மிச்சம் நானூற்றைம்பது கிலோஜூல்.
ஐந்தாவது நிமிடம் ஆகிவிட்டது.
சுவிட்சில் என் விரல் இருந்தது.
அவரும் அணை என்று சொல்லவில்லை,
நானும் அணைக்கவில்லை.
கொஞ்ச நேரம்
தண்ணீர் பேசட்டும் என்று
நின்றோம்.