ஐம்பத்தாறின் கடைசிப் புட்டி

ஐம்பத்தாறு பிப்ரவரியில்
ஜிரோந்து ஆற்றில் பனிப்பாளங்கள் மிதந்தன.
இரவெல்லாம் கொடிகள் வெடித்தன.
துப்பாக்கி இல்லை,
தண்டுக்குள் நீர் கல்லாகும் சத்தம்.

மொர்லூ மாளிகைக் கணக்கேட்டில்
அந்த ஆண்டுக்கு ஒரே வரி:
ரொட்டி அடுப்புச் சுவரோரம், இரண்டு வரிசை.

சுவர்ச் சூட்டில் பிழைத்தவை.
முந்நூறு ஆண்டுப் பெயருக்கு
அரைப் பீப்பாய்கூடத் தேறவில்லை.
தேறியதும் புளிப்பு, பல் கூசும்.
முதலாளி லெயோன்ஸ் ஒரு வாய் கொப்பளித்துத் துப்பி,
"இதற்குச் சீட்டு ஒட்டாதே" என்றார்.

ஐம்பது ஆண்டு கழித்து
லண்டன் ஏலக்காரன் தொலைபேசியில் சொன்ன விலைக்கு
ஒரு டிராக்டர் வாங்கலாம்,
பழையதல்ல, புதியது.

சாவிக்கொத்தோடு நிலவறைக்கு ஓடினேன்.
மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று என்று தெரியும்.
மணலில்
அது படுத்திருந்த பள்ளம் இருந்தது.

மேலே, சமையலறையில்
சொலாஞ்ச் தாரியே
லாம்ப்ரே மீனை அதன் ரத்தத்திலேயே
வேகவிட்டுக்கொண்டிருந்தாள்.
"சீட்டில்லாத புட்டி
சமையலுக்குத்தானே?"
கரண்டி சொட்டியது.
அவள் சொன்னதில் தவறேதும் இல்லை,
ஏட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன்,
என் கையெழுத்தில்.

ஏலக்காரனிடம்
போய்விட்டது என்றேன்.
யாரிடம் என்றான்.
ஞாயிற்றுக்கிழமை, பதினோரு பேர் என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.

கறுத்த குழம்பு.
லீக் தண்டு நாராகப் பிரிந்தது.
கொழுப்பு நாக்கில் படியும்போதெல்லாம்
அடியிலிருந்து அந்தக் குளிர்காலம்
மெல்லக் கீறிவிட்டுப் போனது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
பீப்பாய்க்காரன் குவெந்தான் மட்டும்
ரொட்டியால் தட்டைத் துடைத்தபடி
இன்னும் கொஞ்சம் இருக்கிறதா
என்று கேட்டான்.