சிங்கப்பல்

முப்பத்தெட்டு வருடம்
வேர் பிடுங்கி வயிறு வளர்த்தவள் நான்.
புந்தா அரேனாஸில், துறைமுகத்துக்கு மேலே மூன்றாவது தெருவில்
என் பெயர்ப்பலகையின் ஆணித்தடம் இன்னும் இருக்கிறது.
மாலுமி, மீனவர், ஆட்டுரோமம் கத்தரிப்பவர்,
ஒரு தடவை ஒரு பிஷப்,
எல்லோரும் என் முன்னால்
ஒரே மாதிரிதான் வாய் பிளந்தார்கள்.

அந்த அறையில் பச்சை என்றால்
மூலையில் ஒரு பிளாஸ்டிக் பனை.
வாரம் ஒருமுறை அதற்கும் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பேன்.

கடைசி வருடம்
எர்மெலிந்தா என்றொருத்தி, காசில்லாதவள்,
கடைவாய்ப்பல்லுக்குக் கூலியாக
ஒரு பை உருளைக்கிழங்கு வைத்துவிட்டுப் போனாள்.
அலமாரியில் வைத்தேன். மறந்தேன்.
கிளினிக்கை விற்றுச் சாவி கொடுக்கும் அன்று
திறந்து பார்த்தால்
இருட்டுக்குள் அத்தனையும் கண் விழித்திருந்தன.
வெளுத்த முளைகள்,
கதவிடுக்கில் கசிந்த வெளிச்சத்தின் பக்கமாகவே
எல்லாம் சாய்ந்து.

குப்பைத்தொட்டி கைக்கெட்டும் தூரம்தான்.
ஏன் போடவில்லை என்று இன்றுவரை தெரியாது.

அறுபத்தாறு வயதில் மண்வெட்டி வாங்கினேன்.
யாருக்கு என்று கேட்டான் கடைப் பையன்.

முதல் வருடம் காற்றோடு போயிற்று.
இந்த ஊரில் காற்று வீசுவதில்லை, குடியிருக்கிறது.
தக்காளிக்குப் போட்ட பாலிதீன் குடிலை
ஓர் இரவில் உருவி
ஜலசந்தியின் மேல் பறக்கவிட்டது.
கேரட் விரல் நீளம் கூட வரவில்லை.
உருளை மட்டும் சொல் கேட்டது.
தோண்டிய முதல் குழியில் ஏழு கிழங்கு.
மண்டியிட்டபடியே திரும்ப எண்ணினேன்.
ஏழுதான்.
சொல்ல ஆளைத் தேடினேன்.

பழைய கருவிகளுக்கு இப்போது வேறு வாய்.
ஆய்வூசியால் நாற்று பிரிக்கிறேன்.
வாய்க்கண்ணாடியை முட்டைக்கோஸ் இலைக்கு அடியில் நீட்டி
நத்தை தேடுகிறேன்.
'இன்னும் கொஞ்சம் திறங்கள்' என்று
நாக்கு தானாகச் சொல்லிவிடுகிறது.
கையுறை போடுவதில்லை.
நகக்கண் பத்திலும் மண்.

நல்ல பொழுதுபோக்கு என்கிறாள் யாஸ்னா.
போக்கா?
அரைமணிக்கு ஓர் ஆளாகப்
பொழுதைப் போக்கியதெல்லாம் அங்கே.
இங்கே அது வருகிறது.
டிசம்பரில் இரவு பத்து மணிக்கும்
போக மனமில்லாமல் வேலிமேல் உட்கார்ந்திருக்கிறது.

ஆஸ்பரகஸ் நட்டிருக்கிறேன்.
மூன்று வருடம் வெட்டாதே என்று
பொட்டலத்தில் எழுதியிருக்கிறது.
வயதோடு கூட்டிப் பார்த்தேன்.
பரவாயில்லை.
பரவாயில்லை என்பது பொய். கொஞ்சம் வலித்தது.
மரத்துப்போக ஊசி போட்டுக்கொள்ளவில்லை.

இங்கே ஒரு களைக்குச் சிங்கப்பல் என்று பெயர்.
மஞ்சள் பூ, ஆழமான ஆணிவேர்.
கீழ்த்தாடை இடுக்கியை எடுத்துவந்தேன்.
முன்னும் பின்னும் அசை, கொஞ்சம் திருகு, இழு.
கை மறக்கவில்லை.
வேர் முழுசாக வந்தால் அன்றைக்கு நிம்மதி.
முறிந்தால் இரண்டு தலையோடு திரும்பி வரும்.
போன சனிக்கிழமை நாற்பது பிடுங்கினேன்.
நாற்பத்தொன்றாவதில் ஒரு வண்டு இருந்தது,
மகரந்தத்தில் புரண்டு, உடம்பெல்லாம் மஞ்சளாக.
காத்திருந்தேன்.
அது கிளம்புவதாக இல்லை.
இடுக்கியைப் பைக்குள் போட்டேன்.

அன்று மாலை, பக்கத்து வீட்டு ஒவிதியோ
வேலிக்கு அந்தப் பக்கம் நின்று
வாயைத் திறந்து காட்டினான்.
மூன்று நாளாக வலியாம்.
கண்ணாடியைக் குழாயில் கழுவிக்கொண்டு வந்து பார்த்தேன்.
ஆடுகிறது. ஆனாலும் பிடித்துக்கொண்டிருக்கிறது.
இருக்கட்டும், என்றேன்.
நீயா சொல்கிறாய், என்றான்.

திங்கட்கிழமை வேறெவரிடமோ போய்
எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.
பல்லைக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தான்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்,
வேர் முழுசாக இருந்தது.
நல்ல கை, என்றேன்.
பிறகு இருவருமாக அவன் வண்டியிலிருந்து
ஆட்டெரு மூட்டையை இறக்கினோம்.