இதுவரை உறங்கிய உயரம்

முதல் எட்டுக் கேள்விகளையும்
தேத்தண்ணி ஆறுமுன்னம் நிரப்பிவிட்டேன்.
கடவுச்சீட்டு, இரத்தவகை,
இடது முழங்காலில் முன்பு செய்த சத்திரசிகிச்சை.
ஏதும் நேர்ந்தால் அறிவிக்கவேண்டியவர் என்ற இடத்தில்
கொஞ்சம் நின்று
பர்ஸானாவின் பெயரை எழுதினேன்.
எழுதிய பிறகுதான் உறைத்தது
அவளும் என்னோடு மலைக்கு வருகிறாள்.

ஒன்பதாவது:
இதுவரை நீங்கள் உறங்கிய மிகக்கூடிய உயரம் எவ்வளவு?

நுவரெலியா. கந்தோர்ச் சுற்றுலா.
ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் மீற்றர்.
ஆனால் அன்று உறங்கவில்லையே,
பக்கத்து அறையில் விடியும்வரை பைலா.
அப்படியானால் வெள்ளவத்தை, இரண்டாம் மாடி,
கடலிலிருந்து ஒரு தென்னை உயரம்.

மலை ஐயாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றைந்து.
ஐந்தரை நாள் ஏற, ஒன்றரை நாள் இறங்க.
எங்கள் தொடர்மாடிக்கு நூற்று இருபத்தாறு படி.
கணக்குப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள்,
பெருக்கிப் பார்த்தேன்:
இருநூற்று எழுபத்தைந்து தரம் போய்
மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைத் தொட்டுவிட்டு வந்தால்
முழு மலையும் முடியும்,
காற்றுக் குறைவதைத் தவிர.

முதுகில் ஐந்து கிலோ சம்பா,
இரண்டு போத்தல் தண்ணீர்,
காலாவதியான வரிச்சட்டப் புத்தகம் ஒன்று.
எலிபரிக்கி தன்சானியாவிலிருந்து எழுதுகிறார்:
உங்கள் பை பதினைந்து கிலோவுக்குள் இருக்கட்டும்,
அதைச் சுமைகாரர் ஒருவர் தூக்குவார்.
அவர் பெயரென்ன என்று கேட்டேன்.
யார் வருவார் என்பது
முதல்நாள் காலை வாசலில்தான் தெரியும் என்றார்.
அன்று பின்னேரம் எட்டுக் கிலோவோடு
ஆறாம் தட்டில் மூச்சு முட்டியபோது
அந்தப் பெயரில்லாத ஆள்
என்னைக் கடந்து போனார், தலையில் என் பையோடு.
இறங்கிவந்து
இரண்டாவது தலையணையை வெளியே எடுத்தேன்.

புறக்கோட்டையில் பேரம்பேசி வாங்கிய இறகுச் சட்டைகளை
சித்திரை வெயிலில்
மின்விசிறிக்குக் கீழே நின்று போட்டுப் பார்த்தோம்.
கழற்றும்போது பர்ஸானா சொன்னாள்,
குளிர் என்ன, இதிலேயே செத்திருப்போம்.

குரற்பதிவில் எலிபரிக்கி: பொலே, பொலே.
மெதுவாக, மெதுவாக என்று அர்த்தமாம்.
எங்களிடம் அதற்கு வேறு சொல் இருக்கிறது.
ஆறுதலாப் போங்கோ என்று
ஓட்டோக்காரருக்குச் சொல்வோம்.
செத்தவீட்டுக்குப் போனாலும்
அதே சொல்லைத்தான் கொண்டுபோவோம்.
வேகத்தைக் குறைப்பதும் துக்கத்தைக் குறைப்பதும்
ஒன்றென்று யாரோ ஒருகாலத்தில் நினைத்திருக்கவேண்டும்.
நான் இன்னும் ஓடித்தான் ஏறுகிறேன்.

நாலாம் தட்டில் ஒருநாள்
ஒரு பிளாஸ்ரிக் கதிரை.
விக்கிரமதிலக மாத்தயா வைத்தவர் என்றான் காவலாளி.
மிஸ்ஸுக்கு லிஃப்டில் ஏறப் பயமாம்,
பாவமாம், களைத்துப் போறாவாம்.

பதினொரு நாள் கதிரையைக் கடந்து போனேன்.
பன்னிரண்டாம் நாள் இருந்தேன்.
இரண்டு கட்டடங்களுக்கு நடுவே
ஒரு முழம் கடல்.
தெஹிவளைப் பக்கம் போன ரயிலின் கடைசிப் பெட்டி
அதைத் துடைத்துவிட்டுப் போனது.
யாரோ வீட்டில் கருவாடு பொரிகிறது.
மூச்சு தானாகவே வந்து
பக்கத்தில் இருந்தது.

எட்டாம் கேள்வியில் பர்ஸானாவை வெட்டிவிட்டு
அந்தக் கதவைத் தட்டினேன்.
முழுப்பெயரும் தொலைபேசி இலக்கமும் தருவீர்களா?
எதற்கு என்றார். மலைக்கு என்றேன்.
சிவனொளிபாதமா?
இல்லை, இன்னும் கொஞ்சம் உயரம்.
என் முதுகுப் பையின் ஓட்டையால்
அவர் வாசலில் சிந்திய அரிசியைப் பார்த்தார்.
மின்சாரப் பட்டியலின் பின்புறத்தில்
ஒவ்வோர் இலக்கமாக எழுதித் தந்தார்.

ஒன்பதாவது இன்னும் வெறுமையாக இருக்கிறது.
இன்றிரவு மொட்டைமாடியில்
தொட்டிக்குப் பக்கத்தில் பாய் விரிப்போம் என்கிறாள் பர்ஸானா.
எப்படியும்
பதினைந்து மீற்றர் கூடுமாம்.