ஒன்பதாவது கேள்வி

செவ்வாய்ப்பேட்டையில்
கொலுசுப் பட்டறைக்கு மேல்மாடி.
கீழே தட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.
மேலே ஒரு மேசை, இரண்டு நாற்காலி,
தேன்முல்லை என்ற என் பெயரைச்
சிரிக்காமல் எழுதிக்கொண்ட
இருபத்தைந்து வயசுப் பெண்.

கடந்த இரண்டு வாரங்களில்
எத்தனை நாள் தூக்கம் வரவில்லை?
எங்கள் சந்தில் பதினாறு விசைத்தறி மேடம்,
கரண்ட் போனால்தான் தூங்குவேன் என்றேன்.
அதைப் படிவத்தில் எங்கே போடுவதென்று
பேனாவைக் கடித்தாள்.

பசி குறைந்ததா, கூடியதா?
பசி அப்படியேதான் இருக்கிறது.
குறைந்தது அரிசி.

சோர்வு?
சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் நடுவே
ரயிலில் கைதட்டிய பதினெட்டு வருஷமும்
முட்டியில் இறங்கியிருக்கிறது.
மகுடஞ்சாவடி தாண்டினால் வலிக்கும்;
இப்போது ரயில் ஏறாமலே வலிக்கிறது.
அப்புறம் ஜவ்வரிசி ஆலைக் களத்தில் காயப்போடும் வேலை.
வானம் கறுத்தால் கூலி இல்லை.
ஐப்பசி முழுக்கச் சோர்வு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

எட்டு முடிந்தது.
தாளைத் திருப்பினாள்,
மறுபடியும் முன்பக்கத்துக்கே வந்தாள்.
"அடுத்த கேள்வி" என்றாள்.
எண்ணைச் சொல்லவில்லை.

சொல்லு கண்ணு, ஒன்பது.
வாத்தியார் அதைச் சொல்லித்தான்
வருகை எடுத்தார்.
பழைய பஸ் ஸ்டாண்டில் ஒன்பதாம் நம்பர் வரும்போதெல்லாம்
கூட்டம் பஸ்ஸைப் பார்க்காது, என்னைப் பார்க்கும்.
நாற்பத்து மூன்று வயசாகிறது,
சில்லறை எண்ணும்போதுகூட
எட்டு, அப்புறம் பத்து.

மெதுவாக வாசித்தாள்:
உயிரோடு இருப்பதைவிட
இல்லாமல் போவதே மேல் என்று
எத்தனை நாள் தோன்றியது?

கீழே தட்டுவது நின்றது.
டீ வந்திருக்கும்.

அஞ்சாம் தேதி தோன்றும் என்றேன்.
பக்கத்து வீட்டுக்கு வாடகை இரண்டாயிரம், எனக்கு நாலு.
ஓனர் கதவைத் தட்டி
"இருக்கியா?" என்பார்.
நீயும் அதைத்தான் கேட்கிறாய் கண்ணு,
கொஞ்சம் மரியாதையாக.
பத்தாம் தேதி வாக்கில் அடங்கிவிடும்.

மூன்று மாதம் பணம் வந்தது.
மாதம் ஐயாயிரம், யார் கொடுத்தார்களோ,
செல்போனில் டிங் என்றது.
முதல் மாதம் நாலாம் தேதியே வாடகை கொடுத்தேன்.
ஓனர் இரண்டு தடவை எண்ணினார்.
இரண்டாம் மாதம் மிச்சத்தில்
முட்டிக்கு மாத்திரை, கதவுக்கு உள் தாழ்ப்பாள்.
மூன்றாம் மாதம், சும்மா,
எவரிடமும் கை நீட்டாமல் ஒரு டிக்கெட் எடுத்து
ஏற்காடு பஸ்ஸில் உட்கார்ந்தேன்.
கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றையும்
விடாமல் எண்ணினேன்.
ஒன்பதாவதில் பக்கத்துச் சீட்டுப் பையன் வாந்தியெடுத்தான்.
என் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.
அவன் அம்மா வாங்கிக் கொடுத்தாள்.

இன்று அதே மாடி, அதே படிவம்.
மதிப்பெண் பார்த்துத்தான்
மேற்கொண்டு பணம் என்கிறாள்.
"தேறிட்டேன்னு மட்டும் சொல்லிடாதடி"
என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள் வேம்பரசி.
அவளுக்கு ஒரு மாதமும் வரவில்லை;
ஆதாரில் இருப்பது வேறு ஆளாம்.
பள்ளிக்கூடத்தில் ஃபெயிலாகிவிடுவேனோ என்று பயந்தேன்.
இங்கே பாஸாகிவிடுவேனோ என்று.

"ஒன்பது" என்கிறாள்,
இந்தத் தடவை தயங்காமல்.

பொய் நாக்குவரை வந்துவிட்டது.
ஆனால் போன அஞ்சாம் தேதி
தட்டுவடை செட் தின்றுகொண்டிருந்தேன்;
காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது,
காரத்தில் மட்டும்.
அப்படியே சொன்னேன்.

ஒருநாளும் இல்லை என்ற கட்டத்துக்கு மேல்
அவள் பேனா நிற்கிறது.
கடந்த இரண்டு வாரத்தைத்தான் கேட்கிறது உன் காகிதம்,
வரப்போகிற வாரத்துக்கு அதில் இடமில்லை.
ஓரத்தில் எழுதிக்கொள் கண்ணு:
இன்று தேதி இரண்டு.