துருவுக்குக் குளிசை

கிலோவுக்கு எண்பது ரூபா.
விசுவமடுச் சந்தியில் என் தராசுக்குக்
கதவில்லாத பிணைச்சல் வரும்,
ஓட்டை வாளி, கலப்பை நுனி,
எந்த வீட்டுக் கூரையென்று தெரியாத தகரம்.
தூக்கிப் பார்த்தே சொல்லுவேன்
எவ்வளவு இரும்பு, எவ்வளவு துரு.

சுகிர்தா ஸ்காபரோவிலிருந்து அனுப்பிய போத்தலில்
மஞ்சள் குளிசை நூற்றிருபது.
"உடம்புக்குள்ள பிடிக்கிற துருவை நிப்பாட்டுமாம் அண்ணா,
ஈரலுக்கு நல்லதாம்."
போனில் அவள் குரலுக்குப் பின்னால்
யாரோ பனி வழிக்கும் சத்தம்.
ஒரு போத்தலுக்கு எத்தனை அறை துடைக்கிறாளோ,
லேபலில் அது இல்லை.

கசிப்பு என்கிறது ஊர்.
கலியாண வீட்டிலும் சோடா குடித்தவன் நான்.
ஒரு மாசி மாதம்
பள்ளிக்கூட மேசையில் என்னைக் கிடத்தி
ஏற்றினார்கள் ஒரு பை இரத்தம்.
அதற்குள் இருந்தது என்னோடு வந்துவிட்டது.
தந்தவரில் கோபமில்லை.
தனக்குள் என்ன இருந்ததென்று
அவருக்கு மட்டும் தெரிந்திருக்குமா?
இருக்கிறாரோ, அதுவும் தெரியாது.

கிளிநொச்சி கிளினிக். எழுபத்திநாலாம் நம்பர்.
டொக்டர்ப் பிள்ளை போத்தலைத்
திருப்பித் திருப்பி வாசித்தா.
"கன பேருக்குக் குடுத்துப் பார்த்திருக்கினம், ஐயா.
குணம் வருமெண்டு சொல்ல ஆதாரம் காணாது.
நாங்கள் தாற குளிசையை மட்டும் விட்டிடாதேங்கோ.
இந்தக் காசுக்கு முட்டை வாங்கிச் சாப்பிடுங்கோ."
கொப்பியில் ஏதோ எழுதி
அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டா.

எனக்குத் துருவைத் தெரியும்.
கிறீஸ் பூசலாம், மண்ணெண்ணெயில் ஊறப்போடலாம்,
மழைக்கு முன் படங்கால் மூடலாம். பிந்தும்.
தின்ற இரும்பைத் திருப்பித் தந்த துருவை
இத்தனை வருசத்தில் ஒருநாளும் நான் நிறுத்ததில்லை.

ஞாயிறு இரவில் சுகிர்தா கேட்கிறாள்:
"போடுறியளோ?"
"ஓம்."
"வித்தியாசம் தெரியுதோ?"
"தெரியுது போலத்தான்."
கமலவேணி என்னைப் பார்க்காமல்
முட்டைக் கோதை அடுப்புச் சாம்பலில் போடுகிறாள்.

இன்றைக்கு, ஆளில்லாத மத்தியானத்தில்,
போத்தலைத் தராசில் வைத்தேன்.
முள் அசையவில்லை.
குறை சொல்ல ஏலாது.
அது மூட்டை நிறுக்கிற தராசு.